வ.வே.சு. ஐயர்: துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி ஆனது எப்படி?

தேக்காவில் ரோந்து போகும் போலீஸ் அதிகாரியின் இடுப்பை நீங்க எப்பவாவது கவனிச்சிருக்கலாம். பல ஆண்டுகளாக அங்கே இருந்தது டாரஸ் 85 என்ற சின்ன ரிவால்வர். .38 அளவு, 5 தோட்டா. அண்மை ஆண்டுகளில் அந்த இடத்துக்கு கிளாக் பிஸ்டல் வந்துகொண்டிருக்கிறது. தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 தூக்கியவர்களை விட்டுவிட்டால், சிங்கப்பூரில் வளர்ந்த பலருக்கு நிஜத் துப்பாக்கியோடு இருக்கும் பழக்கம் அவ்வளவுதான். 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கலவரம் வெடித்தபோதுகூட, போலீஸ் ஒரு தோட்டாவும் சுடவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். இங்கே 1973-இல் வந்த ஆயுதக் குற்றச் சட்டம் அப்படி. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறை, பிரம்படி. காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும், மரண தண்டனை.

இப்போ 1909 ஜனவரிக்குப் போங்க. இடம் லண்டன், ஹோபர்ன் பகுதி. அங்கே கேமேஜ் என்று ஒரு பெரிய கடை. சைக்கிள், பொம்மை, கிரிக்கெட் மட்டை, மேஜிக் சாமான் என்று எதுவும் கிடைக்கும். நம்ம முஸ்தஃபா சென்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. இந்தியாவிலிருந்து பொறியியல் படிக்க வந்த மதன்லால் திங்க்ரா என்ற மாணவர் அந்தக் கடைக்குள் போகிறார். 3 பவுண்டு 5 ஷில்லிங் கொடுக்கிறார். ஒரு கோல்ட் தானியங்கி பிஸ்டலோடு வெளியே வருகிறார்.

இந்தக் கட்டுரை திங்க்ராவைப் பற்றியது அல்ல. அதே லண்டனில், அதே வட்டத்தில் இருந்த திருச்சிக்காரர் ஒருவரைப் பற்றியது. பெயர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர். சுருக்கமாக வ.வே.சு. ஐயர். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும்: குளத்தங்கரை அரசமரம் எழுதியவர், நவீன தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி. பாடப் புத்தகம் பொதுவாக அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் அந்தக் கதைக்கு 4 ஆண்டுகள் முன்னால் அவர் ஓர் இளைஞனுக்குத் துப்பாக்கி சுடப் பழக்கியிருந்தார். அந்த இளைஞன் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தானும் செத்தான்.

பாரிஸ்டர் ஆகப் போனவர்

ஐயர் பிறந்தது 1881 ஏப்ரல் 2. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார். லத்தீன் மொழியில் கெட்டிக்காரர். வக்கீல் தேர்வு எழுதி, திருச்சியில் கொஞ்ச காலம் தொழில் பார்த்தார். பிறகு ரங்கூன் போனார். அந்தக் காலத்துத் தமிழர்களுக்கு ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் ஒரே கப்பல் பாதையில் இருந்த பிழைப்பு ஊர்கள். படித்தவர்கள் பிழைக்கவும் வாய்ப்பு இருந்தது. அங்கே சம்பாதித்துக்கொண்டு 1907-இல் லண்டனுக்குக் கிளம்பினார். லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்து பாரிஸ்டர் ஆவதுதான் திட்டம்.

எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், வசதியான ஒரு சென்னை பாரிஸ்டராக அவர் வாழ்ந்து முடிந்திருப்பார். நாம் அவரைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அவர் போய்ச் சேர்ந்தது ஹைகேட் பகுதியில், குரோம்வெல் அவென்யூ 65-ஆம் எண் வீட்டுக்கு. அதற்குப் பெயர் இந்தியா ஹவுஸ். ஷ்யாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-இல் தொடங்கிய மாணவர் விடுதி. வெளியே பார்த்தால் விடுதி; உள்ளே, இந்தியாவை ஆயுதத்தால் விடுவிக்கலாம் என்று நம்பியவர்களின் கூடாரம். விநாயக் தாமோதர் சாவர்க்கர் அங்கே தலைவர் மாதிரி. ஐயர் சீக்கிரமே அவருக்கு அடுத்த இடத்துக்கு வந்தார். கடைசியில், பாரிஸ்டர் பட்டத்தை ஐயர் வாங்கவே இல்லை. அதற்கு ராஜவிசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

ரிவால்வரா, பிஸ்டலா?

இந்த வரலாற்றைத் தமிழில் எங்கே படித்தாலும் ரிவால்வர் என்ற சொல் வரும். திங்க்ராவின் ரிவால்வர், வாஞ்சியின் ரிவால்வர். ஆங்கில அரசு அறிக்கைகளிலும் அந்தச் சொல் புழங்கியது. உண்மையில் பெரும்பாலும் அது ரிவால்வர் இல்லை. பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். இங்கே கொஞ்சம் இருக்கு, பொறுங்க.

ரிவால்வர் என்றால் நடுவில் சுழலும் உருளை இருக்கும். அதில் 5 அல்லது 6 அறை, அறைக்கு ஒரு தோட்டா. அன்றைக்கு வாங்க வருபவர் முன்னால் மூன்று தினுசு இருக்கும். ராணுவ அதிகாரிகளுக்கான .455 வெப்லி பெரிய சைஸ். எடை ஏறக்குறைய 1 கிலோ, கோட்டுக்குள் ஒளிக்க முடியாது. .32 பாக்கெட் ரிவால்வர் சின்ன சைஸ். ஒளிக்கலாம், ஆனால் அடி பலவீனம். இரண்டுக்கும் நடுவில் .38. ரொம்பக் கனம் இல்லை, ரொம்பச் சின்னதும் இல்லை. உலகத்தின் பல போலீஸ் படைகள் இந்த .38-ஐத்தான் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தன. சிங்கப்பூர் போலீசும் அதில் சேர்த்தி. டாரஸுக்கு முன்னால் நம் போலீசுக்கென்றே பாதுகாப்புப் பூட்டு வைத்து வெப்லி .38 செய்து கொடுத்தார்கள். அந்தப் பூட்டு மற்ற வெப்லிகளில் வழக்கமாக இருக்காது. அதனால் வெளிநாடுகளில் பழைய ரிவால்வர் வாங்கிச் சேர்ப்பவர்கள் சிங்கப்பூர் மாடல் என்று அதைத் தனியாகத் தேடுகிறார்கள். இந்த ஊருக்கே இது ஒரு விசித்திரமான ஏற்றுமதி.

1900 வாக்கில் இந்த மூன்று தினுசையும் ஓரம் தள்ள ஒரு புது சாமான் வந்தது. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்என் தொழிற்சாலை செய்த தானியங்கி பிஸ்டல். உருளை கிடையாது. 7 தோட்டா கைப்பிடிக்குள்ளேயே ஒரு பெட்டியில் போய்விடும். அதனால் தட்டையாக இருக்கும், சட்டைப் பையில் துருத்தாது. ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக மேலே வரும். விலையும் கட்டுப்படியானது. லட்சக்கணக்கில் விற்றது.

ரகசியக் குழுக்கள் இதை உடனே பிடித்துக்கொண்டன. 1904-இல் ஃபின்லாந்தின் ரஷ்ய கவர்னர் பொப்ரிகோவ் கொல்லப்பட்டது இந்த எஃப்என் பிரௌனிங்கால். 1909 அக்டோபரில் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இதோ ஹிரோபுமியை கொரியரான ஆன் ஜுங்-குன் சுட்டதும் இதே மாடலால். 1911-இல் மணியாச்சி ரயில் நிலையத்திலும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்தான். ஹெல்சின்கி, ஹார்பின், மணியாச்சி: மூன்று பேரரசுகள், மூன்று மொழிகள், ஒரே தொழிற்சாலைச் சரக்கு. ரிவால்வர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்தத் தொடர்பு கண்ணில் படாது. ஐயரின் கதையை இந்திய விடுதலைக் கதையாக மட்டும் படிக்கிறோம். அது உலகம் முழுக்க ஓடிய ஒரு சரக்கின் கதையும்தான் என்பது என் கருத்து.

ஒரே பேரரசு, இரண்டு சட்டம்

சரி, கேமேஜ் கடையில் ஒரு வெளிநாட்டு மாணவனுக்கு எப்படி அவ்வளவு லேசாகத் துப்பாக்கி கொடுத்தார்கள்?

பிரிட்டனில் 1903-இல் கைத்துப்பாக்கிச் சட்டம் என்று ஒன்று வந்திருந்தது. குழல் 9 அங்குலத்துக்கு மேல் போகாத துப்பாக்கியைக் கடையில் விற்க வேண்டுமானால், வாங்குபவர் உரிமச் சீட்டு காட்டணும். அந்தச் சீட்டு எங்கே கிடைக்கும்? தபால் நிலையத்தில். 10 ஷில்லிங் கட்டினால் போதும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அது பாதுகாப்புச் சோதனை இல்லை, வரி வசூல். கடைக்கும் ஏலத்துக்கும் வாடகைக்கும்தான் இந்தக் கட்டுப்பாடு. ஒருவர் தன் பழைய துப்பாக்கியை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டால் சட்டம் கண்டுகொள்ளவில்லை. அங்கே பிடி இறுகியது 1920-இல்தான்.

அதே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இந்தியாவில் 1878 ஆயுதச் சட்டம் இருந்தது. இந்தியர் ஒருவர் துப்பாக்கி வைத்திருக்க அரசு உரிமம் வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு. ஆக, லண்டனில் கடை கவுண்டரில் கிடைக்கும் ஒரு பொருள், திருச்சியில் ஐயரின் கையில் இருந்தால் குற்றம். இந்தியா ஹவுஸ் இளைஞர்களுக்குக் கோபம் வந்ததும், அதைத் தீர்த்துக்கொள்ள வழி கிடைத்ததும் ஒரே ஓட்டை வழியாக.

அந்த ஓட்டையை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1909 தொடக்கத்தில் சதுர்புஜ் அமீன் என்ற இந்தியா ஹவுஸ் சமையல்காரர் ஊர் திரும்பினார். அவர் பெட்டியின் கள்ள அடித்தளத்தில் 20 பிரௌனிங் பிஸ்டல்களும் தோட்டாக்களும் பம்பாய் போய்ச் சேர்ந்தன. அனுப்பியவர் சாவர்க்கர். அதில் ஒன்றுதான் அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது.

லண்டனில் பயிற்சிக்கும் பஞ்சமில்லை. டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு 92-ஆம் எண்ணில் ஃபேரிலேண்ட் என்ற இடம். காசு கொடுத்துக் குறி பார்த்துச் சுடலாம், பொழுதுபோக்கு. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய இருவரும் அங்கே வந்து பழகுகிறார்கள் என்று போலீசுக்கு அதே ஆண்டு தகவல் போயிருந்தது. யார் யார் எதற்குப் பழகினார்கள் பாருங்க! ஐயரும் அங்கே பழகினார் என்பது உளவுத் துறைக் குறிப்புகளில் பதிவாகி இருக்கிறது. 1909 ஜூலை 1 மாலை திங்க்ரா அங்கே போய் 12 முறை சுட்டார். அன்று இரவு தெற்கு கென்சிங்டனில் ஒரு நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த கர்சன் வைலியைக் கொன்றார். தடுக்க ஓடிவந்த லால்காகா என்ற பார்சி மருத்துவரும் செத்தார். அவர் அரசியலிலேயே இல்லாதவர். ஆகஸ்ட் 17 அன்று திங்க்ராவைத் தூக்கிலிட்டார்கள்.

சமையலறையில் ஒரு விருந்தாளி

இதே நகரத்தில், இதே மாதங்களில் இன்னொருவர் இருந்தார். தென்னாப்பிரிக்கா இந்தியர்களுக்காகப் பேச வந்திருந்த மோகன்தாஸ் காந்தி. அக்டோபர் 24 அன்று இந்திய மாணவர்கள் விஜயதசமி விருந்து வைத்தார்கள். தலைமை காந்தி, பேச்சாளர் சாவர்க்கர். காந்திக்காக சைவச் சாப்பாடு. சமைத்தவர்கள் மாணவர்களே.

அங்கே நடந்ததை ஐயரின் நண்பர், திருச்சி டாக்டர் தி.சே.சௌ. ராஜன் பின்னாளில் எழுதினார். மத்தியானம் ஒல்லியாக ஒருவர் வந்து, எதுவும் பேசாமல் பாத்திரம் கழுவவும் காய் நறுக்கவும் உட்கார்ந்துவிட்டார். யாரோ உதவிக்கு வந்த ஆள் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். ஐயர் வந்து பார்த்த பிறகுதான், அது விருந்தின் தலைவர் என்று தெரிந்தது.

அடுத்த மாதம் ஊர் திரும்பும் கப்பலில் காந்தி ஹிந்த் ஸ்வராஜ் எழுதினார். லண்டனில் சந்தித்த ஆயுதப் பிரியர்களுக்குச் சொன்ன பதில் அது. ஐயர் அந்தப் பதிலை ஏற்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

1910 மார்ச்சில் சாவர்க்கரைப் பிடித்தார்கள். அடுத்தது தான் என்று ஐயருக்குத் தெரிந்தது. மாறுவேடத்தில் லண்டனை விட்டு நழுவினார். சீக்கியர் வேடத்தில் இருந்தபோது, பெட்டியில் இருந்த வி.வி.எஸ். என்ற எழுத்தைப் பார்த்து ஒரு துப்பறிவாளர் சந்தேகப்பட, வீர் விக்ரம் சிங் என்று பெயர் சொல்லித் தப்பினார் என்று ஒரு கதை உண்டு. நெட்ஃப்ளிக்ஸ் தொடருக்கே உரிய காட்சி, கதையாகவே எடுத்துக்கொள்ளுங்க. ஆனால் பல நாடு சுற்றி, அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தது உண்மை.

வாஞ்சி வந்த நாட்கள்

ஏன் புதுச்சேரி? அது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் போலீஸ் எல்லைக் கோட்டில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். 1908-லிருந்து பாரதியார் அங்கே இருந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டு ஐயரும் சேர்ந்தார்.

1911 தொடக்கத்தில் செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதன் அங்கே வந்தார். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்த, 25 வயதை ஒட்டிய இளைஞர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நீலகண்ட பிரம்மச்சாரி என்பவர் நெல்லைப் பக்கம் உருவாக்கிய ரகசியக் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். புதுச்சேரியில் அவருக்குச் சுடும் பயிற்சி கொடுத்தவர் ஐயர். பின்னாளில் வந்த ரௌலட் கமிட்டி அறிக்கையும் இதைச் சொல்கிறது. ஊருக்கு வெளியே கரடிக்குப்பத்தில் பயிற்சி நடந்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் செய்தி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. ஐயருக்கு அப்போது 30 வயது. லத்தீன் தெரியும், சட்டம் தெரியும், லண்டனில் என்ன நடந்தது என்பது நேரில் தெரியும். எதிரே இருப்பவருக்கு வீட்டில் மனைவி இருக்கிறாள். திங்க்ராவின் முடிவு ஐயர் கண்ணால் கண்டது. தெரிந்துதான் கற்றுக்கொடுத்தார்.

1911 ஜூன் 17, காலை. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் ஆஷ், மனைவியோடு கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார். மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டி நிற்கிறது. வாஞ்சி உள்ளே ஏறி, ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு நடைமேடையில் இருந்த கழிப்பறைக்குள் ஓடி, தன்னைச் சுட்டுக்கொண்டார்.

வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்கு இருந்த பங்கு இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படும். அது உண்மையின் ஒரு பாதி. வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தில், சில நாளில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மீது கோபம் இருக்கிறது. கூடவே சனாதன தர்மத்தை மிலேச்சர்கள் மிதிக்கிறார்கள் என்ற கொதிப்பும் இருக்கிறது. நாட்டுப்பற்றும் சாதி, மத ஆசாரமும் அந்த ஒரு தாளில் கலந்தே கிடக்கின்றன. இதைச் சொன்னால் வாஞ்சியைக் குறைக்கிறோம் என்று சிலருக்கு வருத்தம் வரும். கடிதத்தில் இருப்பதை இல்லை என்று சொல்லவும் முடியாது.

வழக்கில் 14 பேர் மீது குற்றம் சாட்டினார்கள், 9 பேருக்குத் தண்டனை கிடைத்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு. எல்லையின் அந்தப் பக்கம் இருந்த ஐயரைத் தொட முடியவில்லை. அவர் தப்பினார். ஆனால் அடுத்து ஏறக்குறைய 9 ஆண்டுகள், சின்னஞ்சிறு புதுச்சேரியை விட்டு வெளியே வரவும் முடியவில்லை. தெருமுனையில் எப்போதும் ஒற்றர்கள்.

துப்பாக்கிக்குப் பிறகு

அந்த ஆண்டுகளில்தான் எழுத்தாளர் வ.வே.சு. ஐயர் உருவானார். 1914 செப்டம்பரில் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது. 1915 பிப்ரவரியில் நம் சிங்கப்பூரிலேயே இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து, பிறகு அவர்களில் பலரை அவுட்ரம் சிறைச் சுவருக்கு வெளியே நிற்க வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். உலகமே ஆயுதம் தூக்கியிருந்த அந்த நேரத்தில், ஐயர் மேசையில் உட்கார்ந்திருந்தார். நெப்போலியன், கரிபால்டி பற்றி எழுதினார். 1330 குறளையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916-இல் வெளியிட்டார். கம்ப நிலையம் என்று ஒரு பதிப்பகம் தொடங்கினார்.

1915-இல் விவேகபோதினி இதழில் வந்தது குளத்தங்கரை அரசமரம். கதையைச் சொல்வது ஒரு மரம். ருக்மிணி என்ற பெண்ணை அது குழந்தையிலிருந்து பார்க்கிறது. அப்பா அர்பத்நாட் கம்பெனியில் போட்ட பணம் முழுகிப்போகிறது. அந்தக் கம்பெனி 1906-இல் நிஜமாகவே திவாலாகி, சென்னையில் பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. பணம் போனதும் மாமியார் வீடு மாறுகிறது. மகனுக்கு வேறு பெண் பார்க்கிறது. கணவன் நாகராஜனோ, பெற்றோருக்குப் புத்தி புகட்ட ஒரு நாடகம் ஆடுகிறான்: மறுமணத்துக்குச் சம்மதம் என்பது போல நடிக்கிறான். உண்மையைக் கடைசியில் சொல்லி எல்லாரையும் அசத்தலாம் என்று நினைக்கிறான். ருக்மிணிக்கு அது நாடகம் என்று தெரியாது. குளத்தில் விழுந்து சாகிறாள்.

தாகூர் எழுதிய ஒரு வங்காளக் கதையின் சாயல் இதில் உண்டு என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அது சரிதான். ஆனால் நாகராஜன் எனக்கு வேறு ஒன்றை ஞாபகப்படுத்துகிறான். நல்லவன்தான், நோக்கமும் நல்லதுதான். விலை கொடுத்தது வேறு ஒருவர். எழுதியவரின் மேசைக்கு எதிரே 4 ஆண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞனை நினைக்காமல் இந்தக் கதையைப் படிக்க என்னால் முடியவில்லை. இது என் வாசிப்பு மட்டும்தான். நீங்க படிச்சுட்டு வேறு மாதிரி நினைக்கலாம்.

ஊர் திரும்பினார், ஊர் மாறியிருந்தது

முதல் உலகப் போருக்குப் பிறகு பொது மன்னிப்பு வந்தது. ஐயர் தமிழகம் திரும்பினார். இப்போது அவர் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தின் பக்கம். லண்டன் சமையலறையில் காய் நறுக்கியவரின் வழிக்கு, 10 ஆண்டு சுற்றி வந்து சேர்ந்திருந்தார். தேசபக்தன் நாளிதழின் ஆசிரியர் ஆனார். 1921-இல் ராஜத்துரோக வழக்கில் 9 மாதம் சிறை. இளமையில் அவ்வளவு ஆயுதத்தோடு புழங்கியபோது பிடிபடாதவர், கட்டுரைக்காகச் சிறைக்குப் போனார். பெல்லாரி சிறையில் இருந்தபடி கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஆய்வு நூல் எழுதினார். ஹோமர், வெர்ஜில், மில்டன் பக்கத்தில் கம்பனை நிறுத்தி ஒப்பிடும் நூல். அந்த லத்தீன் படிப்பு அங்கேதான் வேலைக்கு வந்தது.

1922-இல் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். படிப்போடு கைத்தொழிலும் நாட்டுப்பற்றும் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, 5,000 ரூபாய் கொடுத்தது. பொதுமக்களும் கொடுத்தார்கள்.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும், பெற்றோர் கேட்டுக்கொண்டபடி, தனிப் பந்தி. செய்தி வெளியே வந்ததும் கொந்தளிப்பு. பொதுப் பணத்தில் நடக்கும் தேசியப் பள்ளியில் சாதிப் பந்தியா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ராமசாமியும் கேட்டார்கள். காந்தி வரைக்கும் போனது. இருக்கிற இருவரை விட்டுவிட்டு, இனி அப்படிச் சேர்க்காதீர்கள் என்ற மாதிரி அவர் சொன்ன சமரசம் யாருக்கும் திருப்தி தரவில்லை. ஐயர் தனிப்பட்ட முறையில் சாதி பார்க்காதவர் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். பெற்றோருக்கு முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ராஜவிசுவாச உறுதிமொழிக்கு மாட்டேன் என்றவர், இங்கே மாட்டேன் என்று சொல்லவில்லை. 1925-இல் பொறுப்பை விட்டு விலகினார். அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டுக்குப் பிறகு ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டே வெளியேறினார். அந்த முடிவுக்கான காரணங்களில் இந்தப் பந்தியும் ஒன்று. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு அரசியல் எந்தப் பக்கம் திரும்பியது என்பது தனிக் கதை.

அதைப் பார்க்க ஐயர் இல்லை. 1925 ஜூன் தொடக்கத்தில், குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசம் மலைக்குப் போனார். கல்யாண தீர்த்தம் அருவி. மகள் சுபத்திரா நீரோடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தாள். ஐயர் பின்னாலேயே குதித்தார். இரண்டு பேரும் திரும்பவில்லை. அவருக்கு வயது 44.

சிறையில் எழுதிய கம்பராமாயண ஆய்வு கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 25 ஆண்டுகள் கழித்து, 1950-இல் டெல்லி தமிழ்ச் சங்கம் அதை அச்சிட்டது.